வெயிலில் நின்ற கார்

அத்தியாயம் பதினேழு

போன அத்தியாயத்தில் நாயாற்றுப் பாலத்தடியில், நின்றுபோன காருக்குள் தாட்சாயினியையும் மகளையும் விட்டுவிட்டு நான் பாட்டுக்கு எழும்பிப் போய்விட்டேன் என்று கிழமை முழுக்க உங்களிடம் எனக்கு ஏச்சு. சரி, சரி, ஏசாதேங்கோ. மீன் ஏற்றிப் போன லொறிக்காரர் ஒருவர் மனம் இரங்கி, இரண்டு பேரையும் வீட்டு வாசலில் கொண்டுவந்து இறக்கிவிட்டார். பிள்ளையில் இரண்டு நாளாக மீன் மணந்ததைத் தவிர ஒரு குறையும் இல்லை. கார் அடுத்த நாள் வந்து சேர்ந்தது.

இந்தக் கிழமைதான் வாசிக்கத் தொடங்குகிறவர்களுக்கும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். முத்தையன்கட்டில் வயல் செய்கிற நிரோஜனின் மனைவி தாட்சாயினி. கொக்கிளாய்ப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ரீச்சர். மகள் ஆரணியும் அங்கேதான் முதலாம் ஆண்டு படிக்கிறாள். பெற்றோலுக்கு ஊரே வரிசையில் நின்ற காலத்தில், யப்பானில் யாரோ ஓடிக் கழித்த கரண்ட் கார் ஒன்றை வாங்கினார்கள். சனம் சிரித்தது. தாட்சாயினியின் மாமனார் செல்வநாயகம்தான் ஒரே கேள்வியில் எல்லாருடைய வாயையும் அடைத்தவர்.

"வற்றாப்பளை அம்மாளுக்குக் கடல்தண்ணியிலை விளக்கெரியுது. எங்கடை பிள்ளைக்குப் பெற்றோல் இல்லாமக் கார் ஓடினா உங்களுக்கு என்ன செய்யுது?"

அந்தக் காரின் பற்றரிதான் இப்போது களைத்துவிட்டது. வாங்கின புதிதில் கொக்கிளாய்க்குப் போய்த் திரும்பி வரும். பிறகு, போவதற்கு மட்டும் காணும். அதிபரிடம் கேட்டுப் பள்ளிக்கூடத்தில் சார்ஜ் போட்டுக்கொண்டு திரும்புவாள். இப்போது போகவே காணாது. பஸ் என்றால் இடையில் இறங்கி ஏறி, காத்து நின்று, ஆறு வயதுப் பிள்ளையோடு நடக்கிற காரியமில்லை.

இந்த நேரம் பார்த்து, நெளுக்குளத்தில் தாட்சாயினியின் தாய்வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ரீச்சர் இடம் ஒன்று வந்தது. திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். கார் சரிவந்தால் அவள் முத்தையன்கட்டிலேயே இருப்பாள். சரிவராவிட்டால் தாயும் பிள்ளையும் நெளுக்குளம், நிரோஜன் வயலோடு, செல்வநாயகம் வெறும் வீட்டோடு. இதை அவருக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. மாமி காலமாகி இன்னும் இரண்டு வருசம் ஆகவில்லை, எந்த வாயால் சொல்வது?

இன்னொரு விசயமும் பாக்கி இருக்கிறது. பின்னேரங்களில் காரின் சாரதி சீற் பின்னுக்குத் தள்ளுப்பட்டுக் கிடக்கிறதே, நிரோஜன் மனைவிக்கு ஒளித்து எங்கே போய்வருகிறான், அவள் யார் என்று உங்களில் சிலர் துருவித் துருவிக் கேட்டிருந்தீர்கள். தாட்சாயினியும் அதைக் கேட்டுத்தான் ஒருநாள் பெரிய சண்டை பிடித்தாள். பாவம் அந்த மனிசன். அதற்கும் இன்றைக்கு ஒரு முடிவு வருகிறது.

சனிக்கிழமை காலை லொறி வந்து, கராஜுக்குப் போகக் காரையும் தாட்சாயினியையும் ஏற்றியது. நிரோஜனால் வர முடியவில்லை. சிறுபோக நெல் வெட்டுக்கு அன்றைக்குத்தான் மெசின் கிடைத்திருந்தது. விட்டால் அடுத்த முறை எப்போதோ. ஆரணி அப்பாவோடு மெசின் பார்க்க நின்றுவிட்டாள்.

"நான் போறன் பிள்ளையோட," என்று செல்வநாயகம் வெள்ளைச் சேட்டைப் போட்டுக்கொண்டு வந்து லொறியில் ஏறினார். கையில் ஒரு போத்தல்.

"என்ன மாமா அது?"

"பற்றரித் தண்ணி. ஒரு அவசரத்துக்கு."

"ஐயோ மாமா, இந்தப் பற்றரிக்குத் தண்ணி விடுறேல்லை."

"விடாட்டி விடவேண்டாம். கையோட இருக்கட்டும்." வாழ்நாளில் பாதியை ட்ரக்டரில் கழித்த மனிசன். தண்ணி கேட்காத பற்றரியை அவரால் மனதார நம்ப முடியவில்லை.

குகதாசனின் கராஜ் நெளுக்குளத்தில், சந்தியிலிருந்து கொஞ்சம் உள்ளே. கொழும்பில் தொழில் பழகி வந்தவன். கை ஒரு பக்கம் வேலை செய்ய வாய் மறுபக்கம் வானொலி மாதிரி ஓடிக்கொண்டிருக்கும்.

"ரீச்சர், இந்த ஒறேஞ்ச் வயரைக் கண்டனீங்களோ? இதிலை ஆரும் கை வைக்கக் கூடாது. வைச்சா நேரை மேலைதான். ஐயா, நீங்களும் கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ. என்னெண்டு பாக்கிறன். என்னட்டை வந்து சரிவராமப் போன கார் இல்லை."

காரின் வயிற்றிலிருந்து கட்டில் மெத்தை அளவில் ஒரு பெட்டி மெல்ல இறங்கியது. மேல்மூடியைக் கழற்றினான். உள்ளே சாம்பல் நிறத்தில் தட்டையான பெட்டிகள் வரிசையாக அடுக்கியிருந்தன. செல்வநாயகம் எட்டிப் பார்த்தார். தண்ணி விடுகிற மூடி ஒன்றையும் காணவில்லை. போத்தலை மெதுவாக முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

குகதாசன் போனில் ஏதோ பார்த்து நாக்கால் சூள் கொட்டினான். "பலம் பாதிக்கும் கீழை போட்டுது ரீச்சர். வயசு போன பற்றரிதான், ஆனா இவ்வளவு கெதியா விழ நியாயமில்லை. எங்கை நிப்பாட்டுறனீங்கள்?"

"வீட்டிலை மாமரத்துக்குக் கீழை. நல்ல நிழல்."

"சும்மா சொல்லாதேங்கோ! இஞ்சை பாருங்கோ, டாஷ்போட் வெளிறிப்போச்சு. கண்ணாடி றப்பர் வெடிச்சுக் கிடக்கு. மாமரத்துக்குக் கீழை நிண்ட கார் இப்பிடியே இருக்கும்? இது நாள் தவறாம வெயில் குடிச்ச கார். இதிலை பற்றரியைக் குளிரவைக்க ஒண்டும் இல்லை ரீச்சர். வெயில்தான் இதுக்கு நஞ்சு."

மறுத்துச் சொல்ல வாயைத் திறந்த தாட்சாயினி அப்படியே நின்றாள்.

பின்னேரம் ஆரணியை ரியூசனுக்குக் கூட்டிப்போகக் காரில் ஏறினால் ஸ்ரியறிங் சுடும். மாமரத்துக்குக் கீழே நிற்கிற காரின் கூரையில் ஒரு சருகும் இருக்காது. சீற் பின்னுக்குப் போயிருக்கும். நிரோஜன் அவளைவிட இரண்டு விரல்தான் உயரம். அந்த வீட்டில் நீட்டுக் கால் உள்ளவர் ஒரே ஒருவர்தான்.

திரும்பி மாமாவைப் பார்த்தாள். அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். முகம் செத்துப்போயிருந்தது.

அவர் ஏன் செய்தார் என்று அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவளும் வன்னியில் வளர்ந்த பிள்ளைதானே. ரோச் லைற் பற்றரிகூட உள்ளே வர விடாத சண்டைக்காலம் ஒன்று இருந்தது. செத்த பற்றரிகளை அப்பா கூரைத் தகரத்தில் வரிசையாகக் காயப்போடுவார். வடகம் பிரட்டுவதுபோல அதுகளைப் பிரட்டிவிடுவது சின்னத் தாட்சாயினியின் வேலை. "வெயில் பட்டா உயிர் வரும்," என்பார் அப்பா. உயிர் வரத்தான் செய்தது, றேடியோவில் இரவுச் செய்தி கேட்டு முடிகிற அளவுக்கு. அந்த நாளில் இங்கே இருந்த எந்த வீட்டில் பற்றரி காயவில்லை, சொல்லுங்கள்?

"பள்ளிக்கூடத்திலை நிழல் இல்லைத் தம்பி," என்றாள் தாட்சாயினி. "நான்தான் வெயிலிலை விடுறனான்."

"படிச்ச ரீச்சர் நீங்களே இப்பிடிச் செய்தா? ஒரு சாக்கெண்டாலும் மேலை போட்டிருக்கலாமே! ஒரு வார்த்தை ஆரையும் கேட்டிருக்கலாமே!"

குகதாசன் ஏச்சை நிறுத்தவில்லை. அவள் பிழை செய்த பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரித் தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள். செல்வநாயகம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் கண்ணாலேயே வேண்டாம் என்றாள்.

"சரி, இப்ப என்ன செய்யலாம்? பழுதானதுகளை மட்டும் மாத்தேலாதே?" என்று கேட்டாள்.

"மாத்தலாம். ஆனா நான் சொல்லமாட்டன். இதுகள் எல்லாம் கைகோத்துக்கொண்டு ஓடுறதுகள். பழசுக்கு நடுவிலை புதுசை வைச்சா, பழசு முதல்லை களைக்கும். அது நிண்டா எல்லாம் நிக்கும். புதுசு நல்லா இருந்தும் ஓடேலாது. பழசோட கட்டுப்பட்ட புதுசுக்கு விமோசனம் இல்லை ரீச்சர்."

செல்வநாயகம் அதைக் கேட்டு இரண்டு முறை தலையாட்டினார். குகதாசன் சொன்னது பற்றரிக் கதைதான். அவருக்கு அது பற்றரிக் கதையாகப் படவில்லை.

நல்ல காலம், அடிபட்ட புதுக் கார் ஒன்றிலிருந்து கழற்றின முழுப் பற்றரி ஒன்று குகதாசனிடம் இருந்தது. அதையும் போனில் காட்டினான். எல்லாம் நல்ல பலத்தோடு, ஒன்றுபோல நின்றன. காசுக்கு ஏற்கெனவே நிரோஜன் வழி பார்த்து வைத்திருந்தான். "காரின்ரை மூளைக்கு இது உன்ரை புதுப் பற்றரியெண்டு சொல்லிக் குடுக்கவேணும். அதுக்குத்தான் நேரம் எடுக்கும். திங்கட்கிழமை பின்னேரம் வாங்கோ. கொக்கிளாய்க்குப் போய்த் திரும்பி வாங்கோ, காணும். நெளுக்குளத்திலை இருந்து முத்தையன்கட்டு எண்டா ஒரே ஓட்டம்!"

"பழசை என்ன தம்பி செய்யிறது? எறியிறதோ?" என்று கேட்டார் செல்வநாயகம்.

"சீச்சீ, ஏன் ஐயா எறியிறது? இதிலை நல்லதுகளாப் பாத்து எடுத்து வீட்டுச் சோலருக்குப் பூட்டினா இன்னும் கன வருசம் லைற் எரிக்கும். ஓடச் சொல்லக் கூடாது, அவ்வளவுதான்."

"அது நல்லது," என்றார் அவர், மெல்லிய குரலில்.

தாய்வீடு நடக்கிற தூரம்தான். கச்சான் காற்று றோட்டுப் புழுதியை அள்ளி முகத்தில் அடித்தது.

"பிள்ளை."

"சொல்லுங்கோ மாமா."

"ஏன் உன்ரை தலையிலை போட்டனி?"

"நான் ஒவ்வொரு நாளும் ஒரு வகுப்பு நிறையப் பிள்ளையளை ஏசுறனான் மாமா. ஒரு நாள் வாங்கினா குறைஞ்சே போடுவன்?"

அவர் சிரிக்கவில்லை. றோட்டோரத்தில் நின்றார்.

"பங்குனியிலை ஒருநாள் குசினிக்குள்ளை நிண்டு அம்மாவோட போன் கதைச்சனி. கார் இப்பிடியே போனா நான் அங்கைதான் வரவேணும் எண்டு சொன்னனி. ஒளிச்சுக் கேக்கேல்லைப் பிள்ளை, தண்ணி குடிக்க வந்தனான். அண்டைக்கே துடங்கீட்டன். நீ பள்ளிக்கூடத்தாலை வந்து பிள்ளையோட சரிஞ்ச உடனை காரைக் களத்துக்குக் கொண்டுபோய் வெயிலிலை விடுவன். நீ எழும்ப முதல் திருப்பிக் கொண்டுவந்து மரத்துக்குக் கீழை விடுவன். சத்தமில்லாத கார்தானே. அந்த நாளையிலை ரோச் பற்றரிக்கு உயிர் வந்தது, இதுக்கும் கொஞ்சமெண்டாலும் வரும் எண்டு நினைச்சன்." போத்தலை மற்றக் கைக்கு மாற்றினார். "நீ போகக் கூடாது எண்டுதான் பிள்ளை செய்தனான். கடைசியிலை நானே உன்னைப் போக வைக்கப் பாத்திட்டன்."

தாட்சாயினிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"மாமா, உங்களாலை அந்த மனிசன் என்னட்டை எவ்வளவு ஏச்சு வாங்கினது தெரியுமே?"

"ஆர்?"

"உங்கடை மகன்தான்! சீற் பின்னுக்குப் போயிருக்கு, எவளைப் பாக்கப் போனனீங்கள் எண்டு கேட்டு, ரண்டு நாள் தேத்தண்ணியும் குடுக்கேல்லை!"

செல்வநாயகம் திகைத்துப்போய் அவளைப் பார்த்தார். பிறகு அவரையும் அறியாமல் சிரிப்பு வந்துவிட்டது. "அட பாவி! எனக்குச் சொல்லியிருக்கலாமே அவன்!"

"அவருக்கே தெரியாது, அவர் எதைச் சொல்லுறது?" சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். "எங்கடை வீட்டிலையும் கூரையிலை காயவைச்சனாங்கள் மாமா. எனக்கு அந்த யோசனை வந்திருந்தா நானும் களத்திலைதான் விட்டிருப்பன். அது எப்பிடியும் வயசு போன பற்றரி எண்டு கராஜ்காரனும் சொன்னவன்தானே. வாங்கோ, அம்மா பாத்துக்கொண்டு நிப்பா."

தாய் இலட்சுமி வாசலில்தான் நின்றாள். புருசன் போன பிறகு அந்த வீட்டில் அவள் தனி. ஆட்கள் வந்தால் கையும் ஓடாது, காலும் ஓடாது.

"வாங்கோ அண்ணை. வா பிள்ளை. முதல்லை இதைப் பார்!" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பக்கத்து அறையைத் திறந்தாள்.

இளநீலப் பெயின்ற் மணம் இன்னும் போகவில்லை. ஜன்னலடியில் ஒரு சின்ன மேசை, சின்னக் கதிரை. மேசையில் தூசு ஒன்றும் இல்லை. ஆனாலும் இலட்சுமி சேலைத் தலைப்பால் ஒருமுறை துடைத்தாள்.

"ஆரணிக்கு. படிக்கேக்கை வெளிச்சம் விழவேணும் எண்டுதான் ஜன்னலடியிலை போட்டனான். திங்கட்கிழமை ஓமெண்டு சொல்லுவாய்தானே பிள்ளை?"

சொன்ன பிறகுதான் செல்வநாயகம் பின்னால் நிற்கிறார் என்ற நினைவு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பரவாயில்லைத் தங்கச்சி, எனக்குத் தெரியும்," என்றார் அவர். மேசையின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தார். "வடிவாச் செய்திருக்கிறியள்."

சாப்பாட்டில் முருங்கையிலை வறையும் கத்தரிக்காய்ப் பால்கறியும் இருந்தன. செல்வநாயகம் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். வழமையாகச் செய்கிறவர் இல்லை. கை கழுவிக்கொண்டு வளவைச் சுற்றிப் பார்க்கப் போனார்.

தாட்சாயினி கோப்பை கழுவிக்கொண்டிருந்தபோது நிரோஜன் போன் எடுத்தான். பின்னால் மெசின் சத்தம், ஆரணி கூச்சலிடுகிற சத்தம். பற்றரி கிடைத்துவிட்டது, திங்கட்கிழமை கார் தயார் என்று சொன்னாள்.

"அப்ப எல்லாம் முடிஞ்சுது! நீ இஞ்சைதான்!"

ஓம் என்று சொல்ல வாய் வரவில்லை. திறந்திருந்த கதவுக்குள்ளால் அந்தச் சின்னக் கதிரை தெரிந்தது. காலையில் இருந்த கேள்வி கார் ஓடுமா என்பதுதான். இப்போது கார் ஓடும். அதனால் ஒன்றும் லேசாகவில்லை.

"தாட்சா? கேக்குதே?"

"கேக்குது நிரோ. பிறகு எடுக்கிறன்."

வீட்டுப் பக்கத்தில் மண் குத்துகிற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தாள். செல்வநாயகம் வெள்ளைச் சேட்டைக் கழற்றி வேலியில் போட்டுவிட்டு, மத்தியான வெயிலில், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அலவாங்கால் கிடங்கு கிண்டிக்கொண்டிருந்தார். வேலி அடைக்க வெட்டி வைத்திருந்த பூவரசந் தடிகளில் நாலு கப்புகள் அருகில் கிடந்தன.

"என்ன மாமா செய்யிறீங்கள்?"

"கொட்டில். கார் நிக்கிறதுக்கு." அவர் நிமிரவில்லை. "இந்தப் பக்கம் ஒரு மரமும் இல்லைப் பிள்ளை. பின்னேர வெயில் முழுக்க இஞ்சைதான் விழப்போகுது. நாலு கப்பு நட்டுக் கிடுகு போட்டா நிழல் காணும். புதுப் பற்றரி, அதையும் வெயில் குடிக்க விடக் கூடாது."

"கார் இஞ்சை ஏன் மாமா நிக்கப்போகுது?"

அலவாங்கை நிறுத்தி அதில் சாய்ந்துகொண்டு அவளைப் பார்த்தார். வியர்வை கண்ணுக்குள் ஓடியது.

"அம்மா அந்த மேசையைத் துடைச்சதைப் பாத்தன். அவாவும் தனியத்தானே பிள்ளை. எனக்கெண்டா நிரோஜன் நிக்கிறான், வயல் இருக்கு. இஞ்சை இருந்து எங்கடை வீடு ஒரே ஓட்டமாம், குகதாசன் சொன்னவன். வெள்ளிக்கிழமையிலை பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருவாய்தானே? வராட்டியும் பரவாயில்லை. மழை நாளையிலை வெளிக்கிடாதை."

பிறகு திரும்பவும் குனிந்து மண்ணைக் குத்தத் தொடங்கினார்.

தாட்சாயினி அவரின் குனிந்த முதுகைப் பார்த்தாள். அவளைப் போகவிடாமல் வைத்திருக்க இவ்வளவு நாளும் காரை வெயிலில் விட்ட மனிசன், அவளைப் போகவிட இப்போது தானே வெயிலில் நிற்கிறார். கிட்டப் போய்க் கிடங்குக்குப் பக்கத்தில் குந்தினாள். அவர் கிண்டிப்போட்ட மண்ணில் ஒரு பிடி அள்ளி, திரும்பக் கிடங்குக்குள்ளேயே போட்டாள்.

"என்ன பிள்ளை?"

"ஆழமாக் கிண்டாதேங்கோ மாமா," என்றாள், அழுகைக்கு நடுவில். "பிறகு கப்பைப் பிடுங்கி முத்தையன்கட்டுக்குக் கொண்டுபோக எங்கள் ரண்டு பேராலையும் ஏலாது."

செல்வநாயகத்தின் கை நின்றுவிட்டது.

வீட்டு மூலையில் தேத்தண்ணித் தட்டோடு வந்து நின்ற இலட்சுமிக்கும் அது கேட்டது. அவள் நின்றதை இரண்டு பேரும் காணவில்லை.